நந்தனார் தீயில் இறங்கிய ஊரில் ஒரு பள்ளிக்கூடம்

சிதம்பரத்தில் நந்தனார் பெயர் இரண்டு சங்கதிகளில் அடிபடும். ஒன்று, நடராசர் கோயிலின் தெற்குப் பக்க வாயில். நந்தனார் நுழைந்த வழி அது, அதனால்தான் அடைத்துவிட்டார்கள், திறந்துவிட வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்கிறது. அப்படி எதுவும் இல்லை என்கிறார்கள் கோயிலை நடத்தும் தீட்சிதர்கள். இன்னொன்று நந்தனார் பள்ளி. வாயில் சண்டை அவ்வப்போது செய்தித்தாளுக்கு வந்துவிடும். பள்ளிக்கூடம் பெரிய பேச்சில்லாமல் நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது.

அந்தப் பள்ளியைத் தொடங்கியவர் சுவாமி சகஜானந்தர். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். ஜனவரி 27 அன்று மாலை போடுவார்கள், அமைச்சரோ ஆட்சியரோ வந்து போவார். ஆனால் தமிழ்நாட்டு சாதி எதிர்ப்பு வரலாற்றைச் சொல்லும்போது அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, பெரியார் என்று பட்டியல் ஓடும். சகஜானந்தர் பெரும்பாலும் விட்டுப்போவார். காவி உடுத்தியவர், மடம் வைத்திருந்தவர், கடைசியில் காங்கிரஸ்காரர் என்பதால் அவரை ஆன்மிகப் பெரியவர் என்ற அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம். அவர் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் அது பக்திக் கணக்கு என்பதைவிட அரசியல் கணக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. அதில் முதல் முடிவு, சிதம்பரத்தைத் தேர்ந்தெடுத்தது.

ஆரணியிலிருந்து வியாசர்பாடி வழியாக

அவர் இந்த ஊர்க்காரர் இல்லை. 1890 ஜனவரி 27-இல் ஆரணிக்குப் பக்கத்தில் மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தவர். அப்பா அண்ணாமலை, அம்மா அலமேலு. வைத்த பெயர் முனுசாமி. பறையர் குடும்பத்துப் பையன் ஒருவன் அந்தக் காலத்தில் தொடக்கப் பாடத்தைத் தாண்டிப் படிக்க நினைத்தால் பெரும்பாலும் மிஷன் பள்ளிதான் வழி. ஆரணி, திண்டிவனம் வட்டாரத்தில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் வேலை செய்துகொண்டிருந்தது. முனுசாமி திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். அங்கே சிகாமணி என்ற பெயரும் வந்தது. நன்றாகப் படிக்கிற பையன், ஞானஸ்நானமும் பெற்றுக்கொள்ளட்டும் என்று பள்ளி எதிர்பார்த்தது. அவர் மறுத்தார். படிப்பு அதோடு நின்றது.

இந்த மறுப்பைப் பக்திக் கதையாகச் சொல்வது எளிது. அன்றைய சூழலில் வைத்துப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். தீண்டாமையிலிருந்து வெளியேற அப்போது கண்ணெதிரே இருந்தவை சில வழிகள்தான். மிஷன்கள் கிறிஸ்தவத்தைக் காட்டின. 1894-இல் சென்னையில் பிரம்மஞான சபையின் ஆல்காட், பஞ்சமர் என்று அழைக்கப்பட்ட தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். 1898 வாக்கில் அயோத்திதாசர் பௌத்தத்துக்குப் போனார். தாழ்த்தப்பட்டவர்கள் ஆதியில் பௌத்தர்கள், இந்துக்களே அல்ல என்பது அவருடைய வாதம். பள்ளியை விட்ட முனுசாமி போய்ச் சேர்ந்தது கோலார் தங்கவயலுக்கு. பெற்றோர் அங்கே பிழைக்கப் போயிருந்தார்கள். வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அதுவும் ஒன்று. அயோத்திதாசரின் பௌத்தம் வேர்விட்ட இடங்களில் தங்கவயலும் ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஆக, இந்த இளைஞன் கிறிஸ்தவத்தையும் பார்த்தான், பௌத்தப் பேச்சு நடந்த மண்ணிலும் இருந்தான். இரண்டும் அவனை இழுக்கவில்லை.

அவர் போனது சென்னை வியாசர்பாடியில் இருந்த கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளின் மடத்துக்கு. அங்கே தமிழ்ச் சாத்திரங்களும் வேதாந்தமும் வடமொழியும் படித்தார். சகஜானந்தர் என்ற பெயர் அங்கே கிடைத்தது. பிறப்பால் பறையர், உடுத்தியது காவி, பேசியது தேவாரமும் வேதாந்தமும். 1910-இல் அவர் சிதம்பரத்துக்கு வந்து இறங்கியபோது அவருக்கு வயது 20.

ஏன் இந்த ஊர்?

தென்னார்க்காட்டில் வேறு ஊர்கள் இல்லையா? கடலூர் மாவட்டத் தலைநகர், துறைமுகம், மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் கச்சேரி. மனு எழுதிப் போராட நினைப்பவர் அங்கேதான் போவார். வடலூரில் வள்ளலாரின் தருமசாலை 1867 முதல் சாதி பார்க்காமல் சோறு போட்டுக்கொண்டிருந்தது; சாதியைக் கண்டிக்கும் துறவி ஒருவர் இயல்பாக ஒதுங்கக்கூடிய இடம் அது. சகஜானந்தர் இரண்டையும் விட்டுவிட்டு, சாதி எங்கே மிகக் கெட்டியாக உட்கார்ந்திருந்ததோ அந்த ஊருக்குப் போனார்.

அதற்கு நந்தனாரைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. சேக்கிழார் சொல்கிற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் அதன் சில விவரங்களை மறந்துவிடுகிறோம். கொள்ளிடக் கரை மேற்காநாட்டு ஆதனூர், புலையர் சேரி. நந்தனார் கோயில் முரசுக்குத் தோல் கொடுக்கிறார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுக்கிறார், பூசைக்குக் கோரோசனை கொடுக்கிறார். அவர் கொடுத்த பொருள் கருவறை வரைக்கும் போகிறது. கொடுத்தவர் வாசலைத் தாண்ட முடியவில்லை. திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது. தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று சொல்லிச் சொல்லி ஒருநாள் வந்தே விடுகிறார். வந்தும் உள்ளே போகவில்லை, ஊர் எல்லையையே இரவும் பகலும் சுற்றுகிறார். கனவில் இறைவன் தோன்றி, தீயில் மூழ்கி வா என்கிறார். தெற்கு மதிலுக்கு வெளியே, திருவாயில் முன்னால் மறையவர்கள் தீக்குழி அமைக்கிறார்கள். இறங்கியவர் பூணூலும் சடைமுடியுமாக முனிவர் வடிவில் எழுகிறார். அப்புறம்தான் உள்ளே விடுகிறார்கள்.

நந்தனாரைப் படாதபாடு படுத்தும் அந்தப் பண்ணை வேதியர் பெரியபுராணத்தில் கிடையாது. அவர் 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் கொண்டுவந்த பாத்திரம். அந்தக் கீர்த்தனை அச்சாக உதவியவர் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர். அறுவடை முடிந்தால்தான் சிதம்பரம் போகலாம் என்று தடுக்கிற ஆண்டை, பண்ணையை விட்டு நகர முடியாத ஆள் என்று அந்தப் பாட்டு காட்டியது தஞ்சை, தென்னார்க்காட்டு வயல்வெளிகளில் அப்போது கண்ணால் காணக் கிடைத்த காட்சிதான். சேக்கிழாரின் நந்தனாருக்குத் தடை கோயில் மதில். கீர்த்தனையின் நந்தனாருக்கு முதல் தடை நிலம், மதில் அதற்குப் பிறகு. சகஜானந்தர் காலத்து சிதம்பரம் தாலுகா ஏழைகளுக்கு இரண்டாவது நந்தனாரைத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும்.

நந்தனார் தீயில் இறங்கிய இடம் என்று ஊர் வழக்கு காட்டுவது ஓமக்குளத்தை. சகஜானந்தர் தம் மடத்தை அமைத்ததும், நந்தனாருக்குக் கோயில் எழுப்பியதும் அங்கேதான். 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அதன் பெயரில் பள்ளிக்கூடம்.

இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. நந்தனார் அறுபத்து மூவரில் ஒருவர். திருநாளைப்போவாருக்கு நான் அடியேன் என்று சுந்தரரே பாடிவிட்டார். அவர் சிலை கோயில்தோறும் நாயன்மார் வரிசையில் நிற்கிறது. எந்தச் சைவரும் நந்தனார் பெயரில் நடக்கும் காரியத்தை வெளிப்படையாக வேண்டாம் என்று சொல்ல முடியாது. பணக்காரச் செட்டியாரோ முதலியாரோ பிள்ளையோ, சேரிப் பிள்ளைகளின் பள்ளிக்கு என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். நாயனார் பேரில் தருமம் என்று கேட்டால் அது அவ்வளவு சுலபமில்லை. எதிராளியின் வாயை அவர் கும்பிடுகிற சாமியை வைத்தே அடைப்பது என்பது இதுதான்.

பள்ளி என்ன செய்தது

அன்று பொதுப் பள்ளிகள் இருந்தன. சட்டப்படி அவற்றில் யாரையும் தடுக்கக் கூடாது என்றும் அரசு சொல்லியிருந்தது. ஆனால் பள்ளி நடந்த இடம் அக்கிரகாரத்துத் திண்ணை, கோயில் மண்டபம், ஊர்ப் பெரிய வீட்டுக் கூடம். அந்தத் தெருவில் கால் வைக்கவே முடியாத பிள்ளை வகுப்புக்கு எப்படிப் போகும்? பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எதிலும் எவரையும் தடுக்கக் கூடாது என்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியதே 1924-இல்தான். அதற்கு எட்டாண்டு முன்பே நந்தனார் பள்ளி நடந்துகொண்டிருந்தது.

இரண்டாவது தடை வயல். வீராணம் ஏரிப் பாசனமும் கொள்ளிடத் தண்ணீரும் பாயும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதி முழுக்க நெல். நெல் என்றால் ஆள். பண்ணையாள், படியாள் குடும்பங்களில் பெரியவர் வயலில், பெண்கள் நடவிலும் களையிலும், பையன் ஆண்டையின் மாட்டுக்குப் பின்னால். வாங்கிய கடனுக்கு உழைப்பே வட்டி. அந்தப் பையனை ஊரில் வைத்துக்கொண்டு பகலில் பள்ளிக்கு அனுப்புவது நடக்காத காரியம். ஆண்டையின் வீட்டிலிருந்து ஆள் வந்தால் பையன் போய்த்தான் ஆக வேண்டும்.

விடுதி என்ற ஏற்பாட்டின் பலம் இங்கே தெரிகிறது. பிள்ளையை ஊரைவிட்டே கிளப்பிச் சிதம்பரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் ஆண்டையின் கூப்பாடு அங்கே எட்டாது. வேளைக்குச் சோறு கிடைத்தால் பெற்றவர்களுக்கும் ஒரு வாய் குறையும். நந்தனார் கல்விக் கழகம் பள்ளியோடு விடுதியையும் சேர்த்து நடத்தியதை வெறும் வசதிக்காகச் செய்ததாக நான் பார்க்கவில்லை. பாடத்தைவிட விடுதிதான் நிலவுடைமையின் பிடியைத் தளர்த்தியிருக்கும். பெண் பிள்ளைகளுக்கும் படிப்பு என்பது அந்தத் திட்டத்தில் இருந்தது. இன்று சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி, பெண்கள் மேல்நிலைப் பள்ளி இரண்டும் அரசுப் பள்ளிகளாக இருப்பது அதன் தொடர்ச்சி.

ஊரின் இன்னொரு மாற்றமும் இதோடு சேர்ந்தது. 1920-இல் அண்ணாமலைச் செட்டியார் மீனாட்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1929-இல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமானது. கோயிலூர் என்று மட்டும் இருந்த சிதம்பரம் படிப்பூராகவும் ஆனது. சேரியிலிருந்து வந்த பிள்ளை பள்ளியை முடித்தால் மேற்படிப்பும் அதே ஊரில் இருந்தது. இத்தனைக்கும் இடையில் வயிற்றுப்பாட்டுக்கே நன்கொடை தேடி அலைகிற நிலைமை நடத்தியவருக்கு. துறவி என்றாலும் அரிசிக் கணக்கு பார்த்தே ஆக வேண்டிய துறவி.

சட்டமன்றம், காந்தி, கோயில்

1926-இல் சகஜானந்தர் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினராகப் போனார். மாகாண அதிகாரத்தை ஆளுநரும் இந்திய அமைச்சர்களும் பங்கிட்டுக்கொண்ட இரட்டையாட்சிக் காலத்தில் தாழ்த்தப்பட்டோர் பிரதிநிதிகளை ஆளுநர்தான் நியமிப்பார்; வாக்குரிமைக்குச் சொத்துத் தகுதி கேட்ட காலத்தில் தேர்தலில் நின்று வரும் வாய்ப்பு அவர்களுக்கு ஏறக்குறைய இல்லை. 1932 பூனா ஒப்பந்தம் சென்னை மாகாணத்துக்கு 30 தனி இடங்களை ஒதுக்கிய பிறகுதான் அந்த நிலைமை மாறியது. 1932 முதல் 1936 வரையான சில ஆண்டுகள் நீங்கலாக, 1959-இல் இறக்கும் வரை அவர் சட்டமன்றத்தில் இருந்தார். வெள்ளைக்காரர் ஆட்சி, ராஜாஜி ஆட்சி, ஓமந்தூரார் ஆட்சி, காமராசர் ஆட்சி எல்லாவற்றையும் அவர் உறுப்பினராகவே பார்த்தார். படிப்பு, நிலம், கோயில் நுழைவு என்பவை அவர் அங்கே திரும்பத் திரும்பத் தொட்ட விஷயங்கள்.

1927 செப்டம்பரில் காந்தி சிதம்பரம் வந்து நந்தனார் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். நந்தனார் எதிரிகளை ஏசவில்லை, தம்மையே வருத்திக்கொண்டு அவர்களை வெட்கப்படவைத்தார் என்ற பொருளில் அன்று பேசினார். காந்திக்கு நந்தனார் ஒரு சத்தியாகிரகி. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அடிபட்டவன் மேலும் தன்னை வருத்திக்கொண்டுதான் நியாயம் பெற வேண்டும் என்ற வாதம் அடித்தவனுக்கு ரொம்ப வசதியானது. தீக்குழியை வெட்டியவர்கள் அதில் இறங்கவில்லை. நந்தனாரை அடையாளமாக வைப்பதில் உள்ள சங்கடம் இது. சகஜானந்தரின் பாதையை ஏற்காதவர்கள் சொல்கிற முதல் குறையும் இதுதான். வெந்து, பூணூல் போட்டுக்கொண்டு வந்தால்தான் அனுமதி என்கிற கதையை ஒடுக்கப்பட்டவர்களின் கொடியாக எப்படிப் பிடிப்பது?

குறை நியாயமானது. ஆனால் நந்தனாரைப் பிடித்துக்கொண்டவர் சகஜானந்தர் ஒருவர்தானா என்றால் இல்லை. 1948-இல் வெளிவந்த, தீண்டத்தகாதவர் யார் என்று ஆராயும் தமது நூலை அம்பேத்கர் மூன்று பேர் நினைவுக்குப் படைத்திருக்கிறார்: நந்தனார், ரவிதாஸ், சோக்காமேளர். இந்து மதத்தைவிட்டே வெளியேறப்போகிற மனிதர் அப்படிச் செய்தார். நந்தனாரின் கதையில் கோயில்காரர்களுக்கு ஒரு பாடமும் சேரிக்காரர்களுக்கு வேறொரு பாடமும் கிடைக்கும் போலிருக்கிறது. சகஜானந்தர் ஓமக்குளத்தில் செய்ததைப் பார்த்தால் அவர் எடுத்துக்கொண்ட பாடம் தெளிவு. தீயில் இறங்கிக் காட்டு என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. அந்த இடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார்.

கோயில் நுழைவு மெதுவாகத்தான் வந்தது. 1939 ஜூலை 8 அன்று மதுரையில் வைத்தியநாதய்யர் மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துப் போனார். அதற்குத் துணைபோனவர்களைக் காக்க ராஜாஜி அரசு அவசரமாகச் சட்டம் போட வேண்டியிருந்தது. மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். அப்போது மாகாணப் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் பதவி) இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர்க்காரர், வள்ளலாரின் பக்தர், பிற்காலத்தில் வடலூரிலேயே போய்த் தங்கியவர். அந்த ஆண்டே சகஜானந்தர் தலைமையில் ஆதிதிராவிட மக்கள் சிதம்பரம் கோயிலுக்குள் போனார்கள். ஊருக்கு வந்து 37 ஆண்டுகள் கழித்து.

இந்த 37 ஆண்டுகளைத் தயக்கம் என்று சிலர் படிக்கிறார்கள். வந்ததுமே வாசலில் சண்டை போட்டிருக்கலாமே? 1910-களில் சிதம்பரத்தில் நுழைவுப் போராட்டம் நடத்தியிருந்தால் அடி விழுந்திருக்கும், வழக்கு விழுந்திருக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்திருக்காது. பள்ளிக்கு நன்கொடை கொடுத்த கைகளும் சுருங்கியிருக்கும். முதலில் படித்த தலைமுறை ஒன்று வேண்டும், கோயில் கதவு அதன் பின்னால் திறக்கட்டும் என்பதுதான் அவர் போட்ட வரிசை என்று நினைக்கிறேன். அந்த வரிசைக்கு ஒரு விலையும் இருந்தது. ஊர்ப் பெரிய மனிதர்களின் மனம் கோணாமல் நடந்தே ஆக வேண்டும். கூலி, நிலம், பண்ணையடிமைத்தனம் என்று வருகிறபோது வலிமையாக மோதியவர்கள் பிற்பாடு பொதுவுடைமைக்காரர்களும் திராவிடர் கழகத்தாரும்தான். ஓமக்குளத்து மடம் அந்தக் களத்தின் மையமாக இருந்ததில்லை.

இதே மண்ணில் வேறு இருவர்

சாதியை எதிர்கொள்ள இந்த மாவட்டமே வேறு வேறு வழிகளைப் பார்த்திருக்கிறது. மருதூரில் பிறந்த வள்ளலார் சிதம்பரத்தை உருகி உருகிப் பாடியவர். கடைசியில் சிதம்பரத்தோடு மல்லுக்கட்டாமல் வடலூரில் 1872-இல் சத்திய ஞான சபையை எழுப்பி, அதையே உத்தர ஞான சிதம்பரம் என்றார். பழைய சிதம்பரம் உள்ளே விடாதா, புதிய சிதம்பரத்தைக் கட்டு. சாதியும் சமயமும் பொய் என்று அவர் சொன்ன வேகம் சகஜானந்தரிடம் கிடையாது. ஆனால் பழைய சிதம்பரத்தின் வாசலில் யார் நிற்கலாம் என்ற கேள்விக்கு வடலூர் பதில் சொல்லவில்லை, அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனது.

இன்னொருவர் எல். இளையபெருமாள். காட்டுமன்னார்கோயில்காரர், 1924-இல் பிறந்தவர். முதல் பொதுத் தேர்தலிலேயே, 1952-இல், நாடாளுமன்றத்துக்குப் போனார். சகஜானந்தருக்கு அடுத்த தலைமுறை. பொறுமை குறைவு, குரல் உயரம். சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடிக்கிற கட்டாயத் தொழிலை விடச் சொல்லி ஊர் ஊராகப் போனவர். 1965-இல் மத்திய அரசு தீண்டாமையையும் தாழ்த்தப்பட்டோரின் கல்வி, பொருளாதார நிலையையும் ஆராயக் குழு அமைத்தபோது அதற்குத் தலைவரானார். நாடு முழுவதும் சுற்றி 1969-இல் அந்தக் குழு கொடுத்த அறிக்கையில் தேநீர்க் கடையின் தனிக் குவளை முதல் கொலை வரை பதிவாகியிருந்தது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் திருத்தப்பட்டு 1976-இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமாகக் கடுமையானதில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே அறிக்கையின் இன்னொரு பரிந்துரைதான் தமிழ்நாட்டு அரசியலில் வெடித்தது: பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும். 1970-இல் கருணாநிதி அரசு அறநிலையச் சட்டத்தைத் திருத்தியபோது இளையபெருமாள் குழுவை மேற்கோள் காட்டியது. 1972 மார்ச்சில் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. கூடவே கோயில் வழிபாட்டு விதிகளான ஆகமத்துக்கு விரோதமாக நியமனம் கூடாது என்றும் சொல்லிவைத்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இன்று வரைக்கும் வழக்கு ஓடுகிறது.

சகஜானந்தர் மக்களைக் கோயிலுக்குள் கொண்டுபோனார், இளையபெருமாள் கருவறை யாருக்கு என்று கேட்டார். ஆனால் இருவருக்கும் பக்கத்துக் கோயிலான சிதம்பரம் இந்த மாற்றங்களுக்குப் பெரும்பாலும் வெளியேதான் நிற்கிறது. 1951-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தீட்சிதர்கள் தங்கள் நிர்வாக உரிமையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அரசு அந்தக் கோயிலுக்கு நிர்வாக அதிகாரியை நியமித்தது. 2008 மார்ச் 2 அன்று சிவனடியார் ஆறுமுகசாமி காவல் துறைப் பாதுகாப்போடு திருச்சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாடினார்; தேவாரத் திருப்பதிகம் கண்டெடுக்கப்பட்ட கோயிலில் தமிழ் பாட அரசாணை தேவைப்பட்டது. 2010-இல் தெற்கு வாயில் கோரிக்கைக்காகப் போராட்டம் நடந்தது. 2014 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் கோயில் நிர்வாகத்தைத் தீட்சிதர்களிடமே திருப்பிக் கொடுத்தது. 2022-இல் நடராசர் சன்னதிக்கு முன்னுள்ள கனகசபை மேடையில் பக்தர்கள் ஏறி நின்று வழிபடலாம் என்று அரசு ஆணையிட, அதுவும் ஒவ்வொரு ஆனித் திருமஞ்சனத்திலும் தகராறாகிறது. கோயிலை மட்டும் அளவுகோலாக வைத்தால் சகஜானந்தரின் வாழ்க்கை பாதியில் நின்றுபோன கதை என்று சொல்லிவிடலாம்.

பெயர்ப் பலகை

பள்ளியை அளவுகோலாக வைத்தால் வேறு கதை. சகஜானந்தர் செய்ததை அரசும் அதே காலத்தில் செய்யத் தொடங்கியது. 1920-இல் சென்னை அரசு தொழிலாளர் ஆணையர் என்ற பதவியை உண்டாக்கி, தாழ்த்தப்பட்டவர்களுக்கு வீட்டுமனை, கிணறு, பள்ளி ஆகியவற்றை அவர் பொறுப்பில் விட்டது. லேபர் ஸ்கூல் என்று பழைய ஆட்கள் சொல்வது அந்தப் பள்ளிகளைத்தான். அவை பிறகு அரிசன நலப் பள்ளிகளாகி, இப்போது ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். தமிழ்நாட்டில் 1,100-க்கும் மேல் இருக்கின்றன.

தனிப் பள்ளி தேவைப்பட்டது பொதுப் பள்ளி கதவைச் சாத்தியதால். நூறு ஆண்டு கழித்து அதே தனிப் பள்ளி ஒரு சாதிப் பிள்ளைகள் மட்டும் படிக்கிற இடமாகச் சுருங்கிவிடுகிற ஆபத்து இருக்கிறது. பலகையைப் பார்த்தே இவன் எந்தத் தெரு என்று ஊர் சொல்லிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனை அவன் வீட்டிலேயே புகுந்து சக மாணவர்கள் வெட்டியதை அடுத்து, தமிழ்நாடு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலம் போன்ற பெயர்களைப் பள்ளிகளிலிருந்து எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரச் சொன்னது. ஆதிதிராவிடர் இயக்கங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. பெயரை எடுத்துவிட்டால் இழிவு போகும் என்கிறார்கள் சிலர். தனித் துறையும் தனி நிதியும் போனால் இந்தப் பிள்ளைகளைக் கவனிக்க ஆள் இருக்காது என்கிறார்கள் மற்றவர்கள்.

எனக்குப் பலகையிலிருந்து துறைப் பெயர் போவதில் ஆட்சேபம் இல்லை. நிதியைத் தனித் தலைப்பில் வைத்துக்கொண்டே அதைச் செய்யலாம். நந்தனார் பெயர் விஷயம் வேறு. அது ஒரு நாயனாரின் பெயர். சகஜானந்தர் அதைப் பள்ளிக்கு வைத்ததே யாரும் மறுக்க முடியாத பொதுப் பெயர் என்பதால்தான். சாதிப் பெயர்களை நீக்குகிற வேகத்தில் யாராவது ஒரு அதிகாரி அதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வந்து சேரும்படி ஆசிரியர் எண்ணிக்கையையும் ஆய்வுக்கூடத்தையும் விடுதியையும் சரிசெய்வது அரசு செய்ய வேண்டிய வேலை, அதற்குப் பலகையை மாற்றும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.